துளசி மாடமும் தண்ணீர்த் தொட்டியும்



கொங்கு நாட்டுத் திருக்கோயில்களுக்கும் மரம் செடிகளுக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. அவிநாசியில் அருள்பாலிக்கும் அவிநாசிலிங்கேசுவரர் திருக்கோயிலின் தலமரம் பாதிரி. சுந்தரமூர்த்தி நாயனார் பொருள் பறிகொடுத்துப் பின் மீட்டருளப் பெற்ற திருமுருகன்பூண்டியில் குருக்கத்தி. ஊர்தோறும் உள்ள மாரியம்மன் கோயில்களில் பூச்சாட்டி, கம்பம் நட்டு, மஞ்சள் நீரும் வேப்பிலையும் கொண்டு தாய்மார்கள் வழிபடுவது திருப்பூர் வட்டாரத்தார் அனைவரும் அறிந்ததே. திருமாலுக்குத் துளசி, சிவபெருமானுக்கு வில்வம், அம்மைக்கு வேம்பு என்று வழிபாட்டுக்கு உரியனவாக முன்னோர் வகுத்த இலைகள் பலவும் மருந்தாகவும் பயன்பட்டு வந்தவை. நந்தவனத்தில் துளசியோடு மருவும், மருக்கொழுந்தும், திருநீற்றுப் பச்சிலையும் வளர்ந்தன. வேலியோரத்தில் நொச்சி நின்றது. இவை யாவும் நறுமணம் உடையவை. இவற்றுள் பல பூச்சிகளுக்கு ஒவ்வாதவை.

இவ்வுண்மையைக் கொண்டு இக்காலத்தில் ஒரு நம்பிக்கை பரவியுள்ளது. வாசலில் ஒரு துளசித் தொட்டியும், சன்னலருகே ஒரு நொச்சிச் செடியும், மாடியில் சிறிது எலுமிச்சைப் புல்லும் வைத்துவிட்டால் அவ்வீட்டுக்குக் கொசு வராது என்பதே அது. நாற்றங்கால்களில் இச்செடிகள் இப்பெயர் சொல்லியே விற்கப்படுகின்றன. இந்நம்பிக்கை எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்பதை ஆராய்ந்து தெளிவது திருப்பூர் மக்களுக்கு மற்ற ஊராரைவிடச் சற்று அதிகமாகவே தேவைப்படுகிறது. அதன் காரணம் தண்ணீரில் இருக்கிறது.

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றிக் கோவையைக் கடந்து திருப்பூர் வழியே ஓடிக் காவிரியில் கலப்பது. பனியன் தொழில் பெருகிய ஆண்டுகளில் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் அதில் கலந்தது. பாசனத்துக்கென்று கட்டப்பெற்று 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளுக்குள் சாயக்கழிவு தேங்கும் குளமாயிற்று. 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர்க் கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாட்டோடு பட்டறைகள் படிப்படியாக இயங்கலாயின. ஆயினும் உவர்ப்பேறிய நிலத்தடி நீர் ஓரிரு ஆண்டுகளில் இனிப்பாகிவிடுவதில்லை. கிணறும் ஆழ்துளைக் கிணறும் குடிக்க உதவாத தெருக்களில், குழாயில் வரும் நல்ல தண்ணீரே உயிர். அது நாள்தோறும் வராத பகுதிகளில் மக்கள் வந்த அன்றே பிடித்துச் சேமித்து வைக்கிறார்கள். லைன் வீடுகளில் ஒவ்வொரு கதவுக்கு முன்னும் நீல நிற டிரம் ஒன்று நிற்பதைக் காணலாம். தென் மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா போன்ற வட மாநிலங்களிலிருந்தும் பிழைப்புக்கு வந்த குடும்பங்கள் அவ்வீடுகளில் நெருக்கமாக வாழ்கின்றன.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதன்று. அது விரும்புவது தெளிந்த நீர். அதிலும் வீட்டார் பத்திரமாகச் சேமித்து வைத்த நீர். கால்களில் வெள்ளை வரிகள் உடைய இக்கொசு பகலில் கடிக்கும். காலைப் பொழுதிலும் மாலை மங்குவதற்கு முன்னும் அதன் கடி மிகுதி. டிரம்மின் உட்சுவரில், நீர்மட்டத்தை ஒட்டினாற்போல் அது முட்டையிடும். தண்ணீர் தீர்ந்து டிரம் காய்ந்தாலும் அம்முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். மீண்டும் தண்ணீர் ஏறியதும் பொரியும். முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, இறகு முளைத்துப் பறப்பதற்கு நம் நாட்டு வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாட்கள் போதும். தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டில் 12,000-க்கும் மேற்பட்டோரும், 2017-ஆம் ஆண்டில் 23,000-க்கும் மேற்பட்டோரும் டெங்குவால் பாதிக்கப்பட்டதாக அரசுக் கணக்குகள் தெரிவிக்கின்றன. அவ்விரு ஆண்டுகளிலும் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பிரிந்தன. ஆகவே துளசி கொசுவை விரட்டுமா என்ற கேள்வி பொழுதுபோக்குக் கேள்வியன்று. விடை தவறாக இருப்பின் அதன் விலையைக் குழந்தைகள் கொடுக்க நேரிடும்.

செடிக்கு மணம் எதற்கு என்பதிலிருந்து தொடங்கலாம். செடியால் ஓட இயலாது. தன்னைக் கடிக்க வரும் புழுவையும் பூச்சியையும் அது நின்ற இடத்தில் நின்றே எதிர்கொள்ள வேண்டும். அதற்காக இலையில் மிக நுண்ணிய எண்ணெய்ப் பைகளை அமைத்துக்கொண்டுள்ளது. துளசியின் மணத்துக்குக் காரணமான பொருள்களுள் யூஜினால் என்பது ஒன்று. கிராம்பின் மணமும் அதுவே. எலுமிச்சைப் புல்லில் இருப்பது சிட்ரால். இவ்வெண்ணெய்கள் பைக்குள் அடைபட்டிருக்கும் வரை வெளியில் மணம் மிகக் குறைவு. துளசி மாடத்தைச் சுற்றி வருகையில் வீசும் மணத்துக்கும், ஓர் இலையைக் கிள்ளி விரலிடையே கசக்கும்போது எழும் மணத்துக்கும் உள்ள வேறுபாட்டை அன்பர்கள் எல்லோரும் உணர்ந்திருப்பார்கள். பூச்சி விரட்டும் ஆற்றலும் அவ்வாறே. கசக்கினால், உலர்த்தினால், கொதிக்க வைத்தால், அனலில் இட்டால் அது வெளிப்படும். தொட்டியில் அமைதியாக நிற்கும் செடி அதில் ஒரு சிறு பங்கையே காற்றுக்குத் தருகிறது.

அப்பங்கு எவ்வளவு என்பதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில், மலேரியா மிகுந்த மேற்குப் பகுதியில், 2002-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் குடிசைகளைப் போன்ற அறைகள் அமைத்து, உள்ளே மனிதர் இருக்க, உயிருள்ள செடிகளைத் தொட்டியோடு வைத்துச் சோதித்தனர். நம் ஊரில் நாய்த்துளசி என்றும் கஞ்சாங்கோரை என்றும் வழங்கும் செடியும், உண்ணிச்செடியும் அவற்றுள் அடங்கும். செடி வைத்த அறையில் கொசுக்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. துளசி இனத்துக்கு இது பெருமையே. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு கொசு வந்தே தீர்ந்தது என்பதும் அதே கணக்குதான். அவை மலேரியாக் கொசுக்கள் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில், கொசுவிரட்டிச் செடி என்றே பெயர் சூட்டி விற்கப்பட்ட ஒருவகை ஜெரேனியத்தை 1994-இல் சோதித்தபோது, அதனருகே அமர்ந்தவர்களைக் கொசுக்கள் வழக்கம்போலவே கடித்தன.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 2010-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் சென்னை மாநகராட்சி கொசு ஒழிப்பின் ஒரு பகுதியாக நொச்சிச் செடிகளை மக்களுக்கு வழங்கியது. நீர்வழிகளின் ஓரத்திலும் நொச்சி நடப்பெற்றது. நொச்சி நல்ல செடி. வேலிக்கு உதவும், தலைப்பாரத்துக்கு அதன் இலையால் ஆவி பிடிப்பர், தானியக் குதிரில் இலையைப் பரப்பி வைத்தால் வண்டு குறையும். மாலையில் அதன் காய்ந்த இலையால் மாட்டுத் தொழுவத்தில் மூட்டம் போடுவது கொங்கு வேளாண் குடும்பங்களின் பழைய வழக்கம். அவ்வழக்கத்தைக் கூர்ந்து நோக்கினால், முன்னோர் நொச்சியை நட்டுவிட்டு ஓய்ந்திருக்கவில்லை என்பது விளங்கும். பறித்தார்கள், உலர்த்தினார்கள், புகைத்தார்கள், குதிரில் இட்டார்கள். செடியின் பயன் அதைக் கையாண்ட கையிலும் இருந்தது. கன்றை வாங்கி நட்ட நகரவாசிக்குச் செடி மட்டும் வந்து சேர்ந்தது. வழக்கம் வந்து சேரவில்லை.

இங்கே தாய்மார்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. துளசி மாடத்துக்கு நாள்தோறும் நீர் வார்ப்பது மரபு. மண் தரையில் கட்டிய மாடமாயின் வார்த்த நீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். இப்போது பெரும்பாலான வீடுகளில் இருப்பது பிளாஸ்டிக் தொட்டி. தரை நனையாதிருக்க அதன் கீழே ஒரு தட்டு. வார்த்த நீர் அத்தட்டில் தேங்குகிறது. நிழல், தெளிந்த நீர், அருகிலேயே மனிதர் ஆகிய மூன்றும் ஏடிஸ் கொசு தேடி அலைவன. கொசுவை விரட்டும் என்று வைத்த துளசியின் காலடியிலேயே கொசு பிறக்கிறது! சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சோதிக்கும்போது பூந்தொட்டித் தட்டையும், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டையும் முதலில் பார்ப்பது இதனால்தான். தட்டில் மணலை நிரப்பிவிடலாம். அல்லது தட்டையே எடுத்துவிடலாம். பணியாளர் வரும்போது கதவைத் திறந்து காட்டுவதும் ஒரு நல்ல செயலே; பூட்டிய வீட்டுத் தொட்டியால் தெருவே காய்ச்சலில் விழுந்த ஊர்கள் உண்டு.

டிரம்முக்கும் சிமெண்ட் தொட்டிக்கும் மூடி வேண்டும். மூடி உடைந்திருந்தால் பனியன் துணியையே இரட்டையாக மடித்து வாயில் கட்டலாம். திருப்பூரில் துணிக்குப் பஞ்சமில்லை. துணி தொய்ந்து நீரில் படாதவாறு இறுகக் கட்டவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. வாரம் ஒரு முறை நீரை முழுதும் வடித்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவவேண்டும். தேய்க்காமல் நீரை மட்டும் மாற்றினால் முட்டை சுவரிலேயே இருக்கும். வெள்ளிக்கிழமைக்கு முன்னாள் வீடு கழுவி விளக்குத் துலக்கும் பழக்கம் இன்றும் பல குடும்பங்களில் உள்ளது. அன்று டிரம்மையும் சேர்த்துத் தேய்த்தால் கொசுவின் ஏழு நாள் கணக்கு அங்கேயே அறுந்துவிடும். வடிக்க முடியாத கிணறுகளிலும் பெருந்தொட்டிகளிலும் புழு உண்ணும் கம்பூசியா, கப்பி மீன்களை விடுவது வழக்கம். கட்டிங் வேஸ்ட் மூட்டைகளை மொட்டை மாடியில் போட்டு அவற்றின் மேல் பாலித்தீன் தாள் விரித்திருக்கும் இடங்களில், தாளின் மடிப்புகளில் மழைநீர் தேங்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பனியன் கம்பெனி நடத்துவோர் இதைப் பார்த்துக்கொள்வது நலம். கொசு முதலாளியென்றும் தொழிலாளியென்றும் பார்ப்பதில்லை.

புகையைப் பற்றியும் சொல்லவேண்டும். நொச்சி, வேம்பு, தும்பை ஆகியவற்றின் உலர்ந்த இலைகளை அனலில் இட்டு எழுப்பும் புகை கொசுவை விலக்குவது உண்மையே. ஆனால் அது திறந்த முற்றத்துக்கும் தொழுவத்துக்கும் ஏற்றது. பத்துக்குப் பத்து அடி அறையில், சன்னலை அடைத்து மூட்டம் போட்டால், கொசுவுக்கு முன்னே குழந்தைக்கு மூச்சு முட்டும். எந்த இலையின் புகையாயினும் நுரையீரலுக்குப் புகை புகையே; மூலிகைப் புகை என்பதால் விலக்கு இல்லை. ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தை, முதியோர் இருக்கும் வீட்டில் இது கூடாது. பஞ்சுத் துகள் பறக்கும் நிட்டிங், கட்டிங் கூடங்களில் அனற்சட்டியை நினைத்தும் பார்க்கலாகாது. ஒரு பொறி போதும். அங்கே சன்னலுக்குக் கொசுவலை அடிப்பதே தக்கது. பகலில் கடிக்கும் கொசு என்பதால், பகலில் தொட்டிலில் உறங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும். இரவு வலையைப் பகலில் சுருட்டி வைத்துவிடுவது பல வீடுகளில் நடக்கும் தவறு.

உடலில் பூசும் எண்ணெய்களின் நிலையும் இதைப் போன்றதே. தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு இரண்டு பங்கு வேப்பெண்ணெய் கலந்து பூசினால் மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசுக்கள் அணுகுவதில்லை என்று டெல்லி ஆய்வாளர்கள் 1993-இல் எழுதினர். டெங்கு பரப்பும் ஏடிஸ் வேறு இனம்; அதனிடம் வேப்பெண்ணெய் அவ்வளவு வெற்றி காணவில்லை. எலுமிச்சைப் புல் இனத்தைச் சேர்ந்த சிட்ரொனெல்லா எண்ணெய் ஓரிரு மணி நேரத்தில் ஆவியாகிவிடும். மீண்டும் மீண்டும் பூச வேண்டும். தாவரப் பொருள்களுள் நீண்ட நேரம் காப்பது எலுமிச்சை மணம் கொண்ட ஒருவகைத் தைல மரத்திலிருந்து பிரித்துச் செறிவாக்கிய சாறு. அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் 2005-இல் அதைப் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது ஆகாது.

கொசுவை விட்டுத் துணிக்கு வருவோம். துணியையே நம்பி வாழும் ஊரில் துணியை அரிக்கும் பூச்சிகளைப் பற்றிப் பேசாதிருத்தல் முறையன்று. இங்கேதான் தோட்டத்துச் செடி தன் முழு ஆற்றலையும் காட்டுகிறது. பெட்டி என்பது மூடிய சிறு இடம்; அங்கே மணம் கலைந்து போவதில்லை. பருத்தித் துணியில் போட்ட கஞ்சியைத் தின்ன வரும் வெள்ளிநிறப் பூச்சியை, அது ஏடுகளையும் துளைப்பதால், இராமபாணம் என்று பெரியவர்கள் அழைப்பர். பட்டுக்கும் கம்பளிக்கும் அந்துப்பூச்சியின் புழு பகை. இவற்றுக்கு வசம்பு, உலர்ந்த வேப்பிலை, நொச்சி இலை, வெட்டிவேர் ஆகியவற்றை மெல்லிய துணியில் முடிந்து மடிப்புகளுக்கிடையே வைப்பது பழைய முறை. ஓலைச் சுவடிகளைக் காத்ததிலும் வசம்புக்குப் பங்கு உண்டு. பிள்ளை வளர்ப்பான் என்றும், இரவில் பெயரை உச்சரிக்கலாகாது என்பதால் பேர் சொல்லாதது என்றும் வழங்கும் அதே வசம்புதான். குழந்தை நாவில் உரைத்துத் தடவும் வழக்கம் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்யவேண்டியது; அதிலுள்ள ஒரு பொருள் அளவு மீறினால் தீங்கு செய்யும். பெட்டிக்குள் வைப்பதில் அக்கவலை இல்லை.

இலையை நிழலில் நன்கு உலர்த்திய பின்னரே முடிய வேண்டும். ஈர இலை பூஞ்சை பிடித்துத் துணியில் கறை விடும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, மணம் குன்றியதும் மாற்றவேண்டும். இதற்கெல்லாம் நேரமில்லை என்று அந்துருண்டை போடுவோர் மிகுதி. அந்துருண்டையில் உள்ள நாப்தலின், பிறவியிலேயே ஒருவகை நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள் நிறத்தை உண்டாக்க வல்லது. அந்துருண்டை மணக்கும் பெட்டியிலிருந்து எடுத்த பழந்துணியைத் துவைக்காமல் பச்சிளங்குழந்தைக்கு விரித்தும் சுற்றியும் வைப்பது அதனால் அபாயம். பாட்டி புடவையில் தொட்டில் கட்டும் நாட்டில் இதை அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது.

இனி வேம்பு. வேம்பின் ஆற்றல் மணத்தில் மட்டும் இல்லை. 1959-இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கிப் பசுமையெல்லாம் தின்று தீர்த்தபோது, வேப்ப மரங்கள் மட்டும் இலையோடு நின்றதை அங்கிருந்த செருமானியப் பூச்சியியல் அறிஞர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் கண்டார். பூச்சிகள் மரத்தில் அமர்ந்தன, தின்னாமல் அகன்றன. 1962-இல் டெல்லியில் வெட்டுக்கிளி இறங்கியபோது, வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்த பயிர்கள் தப்பியதை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பிரதான் என்னும் அறிஞர் காட்டினார். வேப்பங்கொட்டையிலிருந்து 1968-இல் பிரித்தெடுக்கப்பட்ட அசாடிராக்டின் என்னும் பொருள் இரண்டு வேலைகளைச் செய்கிறது. இலையைப் புழு தின்ன விடாமல் செய்கிறது. மீறித் தின்ற புழு தோலுரித்து அடுத்த பருவத்துக்குச் செல்ல விடாமல் தடுக்கிறது. ஆகவே தெளித்த அன்றே புழு செத்து விழும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து, மருந்துக் கடைக்குச் சென்றுவிடுகிறார்கள். வேம்பு மெல்ல வேலை செய்யும். நான்கைந்து நாள் பொறுக்கவேண்டும்.

நம் பாட்டிமார் அறிந்திருந்த இவ்வேம்பை மையமாக வைத்து ஐரோப்பாவில் ஒரு வழக்கும் நடந்தது. வேப்பெண்ணெயால் செடிகளின் பூஞ்சை நோயைத் தடுக்கும் முறைக்கு, அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்னும் நிறுவனத்துக்கும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994-இல் காப்புரிமை வழங்கியது. இது இந்திய உழவர்கள் முன்பே அறிந்தது, புதுக் கண்டுபிடிப்பன்று என்று வந்தனா சிவா முதலானோர் எதிர்த்தனர். 2000-ஆம் ஆண்டு மே மாதம் மியூனிக் நகரில் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005 மார்ச் மாதம் தள்ளுபடியாயிற்று. வழக்கில் வென்றது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் வென்றெடுத்த வேம்பின் விதை ஒவ்வோர் ஆண்டும் கோயில் வாசல்களிலும் சாலையோரங்களிலும் மிதிபட்டுக் குப்பையாகப் போகிறதே, அதைப் பற்றி வழக்குத் தொடுப்பார் யாருமில்லை!

திருப்பூரில் தைக்கப்படும் பனியனின் வேர் பருத்திக் காட்டில் இருக்கிறது. காய்ப்புழுவுக்கும் அசுவினிக்கும் அஞ்சி மிகுதியாக மருந்தடிக்கப்பட்ட பயிர்களுள் பருத்தி ஒன்று. 2002-இல் பி.டி. பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்த பின் காய்ப்புழு முதலில் அடங்கிற்று. சாறு உறிஞ்சும் பூச்சிகள் அடங்கவில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு மீண்டும் தலைதூக்கியது. வேளாண் துறையினர் பரிந்துரைக்கும் எளிய ஏற்பாடு ஒன்றில் செடிகளே காவலாகின்றன. பருத்தியைச் சுற்றி வரப்பில் ஆமணக்கு நட்டால், புரொடீனியாப் புழுவின் தாய்ப்பூச்சி பருத்தியை விட்டு ஆமணக்கின் அகன்ற இலையில் முட்டையிடும். அவ்விலையைக் கிள்ளி அழித்துவிடலாம். ஊடே தட்டைப்பயறு விதைத்தால் அதில் ஏறும் அசுவினியைத் தின்னப் பொறிவண்டுகள் வந்து குடியேறும். அவை பருத்தியிலுள்ள அசுவினியையும் தின்னும். இங்குப் பூச்சியை விரட்டுவது மட்டும் நோக்கமன்று. சிலவற்றை வேண்டிய இடத்துக்கு அழைப்பதும் சேர்ந்துள்ளது. இரசாயனம் தவிர்த்து விளைவித்த பருத்தியில் நெய்த பனியனுக்கு வெளிநாட்டில் கிராக்கி உண்டு. திருப்பூரில் அத்தகைய சான்றிதழ் பெற்று ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களும் உள்ளன.

வீட்டுத் தோட்டத்துக்கும் இதே முறை பொருந்தும். தக்காளிக்கு இடையில் செண்டுமல்லி வையுங்கள். பச்சைக் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி அதன் மஞ்சள் பூவை நாடிச் செல்லும். செண்டுமல்லியின் வேரில் ஊறும் பொருள், மண்ணில் இருந்து வேரை முடிச்சாக்கும் நூற்புழுக்களையும் குறைக்கும். பூ சுவாமிக்கு; வேர் தக்காளிக்கு. ஆடு தின்னாத இலை எதுவோ அதுவே பூச்சிக்கும் ஆகாது என்பது இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் வழிவந்த உழவர்கள் பின்பற்றும் எளிய அளவுகோல். நொச்சி, வேம்பு, ஆடாதொடை, எருக்கு முதலிய இலைகளை இடித்துக் கோமியத்தில் ஊறவைத்து வடித்த கரைசலை அவர்கள் பத்துப் பங்கு நீர் சேர்த்துத் தெளிக்கிறார்கள். எருக்கின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு; இடிப்பவர் கையுறை அணிந்து, குழந்தைகளை விலக்கி வைத்துச் செய்யவேண்டும்.

மாடித் தோட்டம் வைத்திருப்போருக்கு வேப்பங்கொட்டைச் சாறே போதுமானது. ஆனி, ஆடி மாதங்களில் வேப்பம்பழம் உதிரும். திருக்கோயில் வளாகத்திலுள்ள மரத்தடியில் காலையில் சென்றால், பணியாளரின் அனுமதியோடு ஒரு பை நிறையப் பொறுக்கலாம். பழத்தைத் தண்ணீரில் பிசைந்து சதையை நீக்கி, விதையை நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காய்ந்தால் வீரியம் குறையும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். சணல் பையோ பழைய பனியன் துணிப் பையோ ஏற்றது. மூன்று மாதத்துக்குப் பிறகு, ஓட்டை நீக்கி ஐம்பது கிராம் பருப்பை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவிட வேண்டும். விடிந்ததும் முடிச்சைப் பால் வெண்மையாகச் சாறு வரும்வரை பிழிந்து, வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குச் சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்துக்கொள்ளலாம். தெளிப்பது மாலையில், வெயிலில் அசாடிராக்டின் சிதைந்துவிடும். இலையின் அடிப்புறம் நனைய வேண்டும். பிழிந்த சாற்றை மறுநாளைக்கு எடுத்து வைக்கக் கூடாது. எஞ்சிய சக்கையைத் தொட்டி மண்ணில் கிளறிவிட்டால் அது எருவாகும். பத்து நாள் இடைவெளியில் மீண்டும் தெளிக்கலாம். மழை பெய்து கழுவிவிட்டால் அதற்கு முன்னரே தெளிக்க வேண்டும்.